மோட்டார் உறுமுகிறது, ட்ராலி நகரவில்லை: கனமான லோடை மெதுவாக நகர்த்தும்போது வரும் கோளாறுகள்

"மூணு டன் ட்ராலிக்கு எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம்?" மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு மோட்டாரை மாட்டியிருப்பார். அது இழுக்கவில்லை, அடுத்த சைஸ் வாங்கலாமா என்ற யோசனையில் இருப்பார். எச்.பி.யை அப்புறம் பார்க்கலாம், இழுக்க எத்தனை கிலோ விசை வேண்டும் என்று அளந்தீர்களா என்று திருப்பிக் கேட்பேன். அளந்திருக்க மாட்டார்.

பேச்சு அந்தரத்தில் போகாமலிருக்க ஒரு ட்ராலியை எடுத்துக்கொள்வோம். பட்டறைக்குள் தண்டவாளத்தில் மோல்டு (கனமான இரும்பு அச்சு) ஏற்றிக்கொண்டு போகிற ட்ராலி. எல்லாம் சேர்த்து 3000 கிலோ. நான்கு இரும்புச் சக்கரம், விட்டம் 200 மி.மீ. முன் ஆக்ஸில் மட்டும் மோட்டாரில் ஓடுகிறது. வேகம் நிமிடத்துக்கு 6 மீட்டர், அதாவது ஆள் நடப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக.

எதையும் கழற்றுவதற்கு முன்: இழுத்துப் பாருங்கள்

மோட்டாரையும் ஆக்ஸிலையும் இணைக்கும் செயினைக் கழற்றிவிடுங்கள். வழக்கமாக ஏற்றும் மோல்டையே ஏற்றுங்கள். எதிரே அசையாத தூண் ஒன்றில் செயின் புல்லி பிளாக்கைப் படுக்கைவாட்டில் கட்டி, அதற்கும் ட்ராலிக்கும் நடுவில் தொங்கும் தராசு ஒன்றை மாட்டுங்கள். கிரேனில் மாட்டுகிற டிஜிட்டல் தராசு போதும், வாடகைக்கே கிடைக்கும். ஆட்கள் செயினுக்கு நேராக நிற்க வேண்டாம். மெதுவாக இழுத்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ட்ராலி அசையும் அந்த நொடியில் என்ன காட்டியது, ஓட ஆரம்பித்த பிறகு என்ன காட்டுகிறது.

நம் ட்ராலிக்கு முதல் எண் 100 கிலோ, இரண்டாவது 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 என்பது எடையில் நூற்றில் இரண்டு பங்கு. பேரிங் நன்றாக இருந்து, தண்டவாளம் சுத்தமாகவும் நேராகவும் இருந்தால் ஒரு பங்குக்கே ஓடும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் கொஞ்சம் உரசி, கொஞ்சம் மண்ணும் கிடந்தால் இரண்டு. நாலு, ஐந்து என்று வந்தால் மோட்டாரைப் பற்றிப் பேசவே வேண்டாம், சக்கரத்தைப் பாருங்கள்.

கிளப்புவதற்கு அதிக விசை வேண்டும் என்பது தேரோட்டம் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 300 டன்னுக்கு மேல். நிலையிலிருந்து அதைக் கிளப்பத்தான் பெரும்பாடு. உருள ஆரம்பித்துவிட்டால் அடுத்த கவலை நிறுத்துவது. அதற்காகத்தான் முட்டுக்கட்டையும், திருச்சி பெல் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும்.

கணக்கு

60 கிலோ விசை என்றால் சுமார் 589 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 0.1 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஆக்ஸிலில் வேண்டிய முறுக்குவிசை 59 நியூட்டன் மீட்டர். பட்டறையில் யாரும் முறுக்குவிசை என்று சொல்வதில்லை, டார்க் என்றே நானும் எழுதுகிறேன். கிளம்பும்போது 100 கிலோ, ஆகவே 98 நியூட்டன் மீட்டர்.

இனி திறன். 589 நியூட்டனை நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தால் பெருக்குங்கள். 59 வாட். மூன்று டன்னை நகர்த்த ஒரு 60 வாட் குண்டு பல்பின் அளவு போதும்! முதல் தடவை போடுகிறவர்கள் எங்கோ சைபர் விட்டுப்போச்சு என்று கணக்கைத் திரும்பப் போடுவார்கள். விட்டுப்போகவில்லை. மெதுவாக நகரும் லோடுக்குத் திறன் கொஞ்சம், டார்க் நிறைய. அந்த டார்க்கைக் கொடுப்பது கியர்.

சக்கரத்தின் சுற்றளவு 0.628 மீட்டர். நிமிடத்துக்கு 6 மீட்டர் போக 9.5 சுற்று வேண்டும். மோட்டார் 1400 சுற்று ஓடுகிறது. ஆக, சுமார் 150க்கு 1 குறைக்க வேண்டும். 60க்கு 1 வார்ம் கியர்பாக்ஸ் (திருகு மாதிரியான தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும் வகை), அதற்கு அப்புறம் 15 பல்லிலிருந்து 38 பல்லுக்குச் செயின். கணக்கு சரியாகிவிடும்.

மோட்டார் எவ்வளவு டார்க் தரும்? கிலோவாட்டை 9550ஆல் பெருக்கி ஆர்.பி.எம்.மால் வகுக்க வேண்டும். எச்.பி.யிலேயே போட வேண்டுமென்றால் 9550க்குப் பதில் 7124. அரை எச்.பி. மோட்டார், அதாவது 0.37 கிலோவாட், 1400 சுற்றில் 2.5 நியூட்டன் மீட்டர் தரும். அதை 150ஆல் பெருக்கினால் 375. ஆனால் வார்ம் கியர் பாதியை உரசலிலேயே தின்றுவிடும், குளிர்ந்த நிலையில் கிளம்பும்போது இன்னும் மோசம். பாதி என்றே வைத்துக்கொண்டால் ஆக்ஸிலுக்கு 190 அளவில் வந்து சேரும். ஓட 59, கிளம்ப 98. தாராளம்.

ஒரு எச்சரிக்கை. இது தரையில் உருளும் லோடுக்கான கணக்கு. அதே 3000 கிலோவை அதே வேகத்தில் மேலே தூக்கினால் விசை 60 கிலோ இல்லை, முழு 3000 கிலோ. கியர் இழப்புக்கு முன்பே 3 கிலோவாட் ஆகிவிடும். ட்ராலிக்குப் போட்ட கணக்கை லிஃப்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

உறுமுகிறது, அசையவே இல்லை

உடனே நிறுத்துங்கள். நின்ற நிலையில் மோட்டார் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், காயில் கருக அதிக நேரம் ஆகாது. செயினைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு மின்சாரத்தில் அல்லது பிரேக்கில். மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை என்பதுதான் அடிக்கடி காண்பது: பியூஸ் போயிருக்கும், அல்லது கான்டாக்டரில் (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்து விலக்கும் சுவிட்ச்) ஒரு முனை கருகியிருக்கும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் என்றால் கெப்பாசிட்டர்.

பிரேக் மோட்டாரில், அதாவது காயிலுக்குக் கரண்ட் வந்தால்தான் விடுகிற பிரேக் சேர்ந்தே வரும் மோட்டாரில், ஒரு தந்திரமான கோளாறு உண்டு. பிரேக் காயிலுக்கான ஒயரை மோட்டார் டெர்மினலிலிருந்தே எடுத்திருப்பார்கள். நேரடி லைனில் ஓடியவரை எந்தக் குறையும் இருக்காது. பின்னால் யாரோ ஒருவர் வேகம் குறைக்க வி.எஃப்.டி. டிரைவ் (மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டுவார். குறைந்த ஃப்ரீக்வென்சியில் டிரைவ் வோல்ட்டேஜையும் குறைத்துத்தான் கொடுக்கும், பிரேக் காயிலுக்கு அது பற்றாது. பிரேக் பிடித்தபடியே மோட்டார் முக்கும். பிரேக்குக்கு லைனிலிருந்து தனி சப்ளை கொடுத்து, டிரைவின் ரிலே வழியாகத் திறக்கச் சொல்லுங்கள்.

செயின் இல்லாமல் ஓடுகிறது, செயின் மாட்டினால் உறுமுகிறது என்றால் வோல்ட்டேஜைப் பாருங்கள், அதுவும் கிளம்பும் அந்த நொடியில், மோட்டார் டெர்மினலில். டார்க் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட் 350ஆக இறங்கினால் டார்க் 71 சதவீதமாகிவிடும். மெல்லிய கேபிளை 80 மீட்டர் இழுத்துக்கொண்டு ட்ராலி ஓடும் இடங்களில் இது சகஜம். மோட்டாரின் மூன்று காயிலையும் இணைக்க டெல்டா, ஸ்டார் என்று இரண்டு முறை உண்டு. டெல்டாவில் கட்ட வேண்டிய மோட்டாரை ஸ்டாரில் கட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது) போய் வந்த மோட்டாரா என்று கேளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் தராசுக்குத் திரும்புங்கள்.

டிரைவ் போட்டு வேகத்தைக் குறைத்ததும் நின்றுவிடுகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போதெல்லாம் டிரைவ் மலிவு, கியர்பாக்ஸ் விலை அதிகம். "30க்கு 1 கியர்பாக்ஸ் சும்மா கிடக்குது, டிரைவை 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதே வேகம் வந்துவிடுமே" என்பார்கள். வேகம் வரும். 10 ஹெர்ட்ஸில் மோட்டார் ஏறக்குறைய 280 சுற்று, 30ஆல் வகுத்தால் 9.3. ட்ராலிக்கு வேண்டியது அதுதான்.

டார்க்கைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே டிரைவ் மோட்டாரின் டார்க்கை ஏற்றுவதில்லை, அப்படியே வைத்திருக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். 2.5 நியூட்டன் மீட்டர் 10 ஹெர்ட்ஸிலும் 2.5 தான். அதை 30ஆல் பெருக்கி, 70 சதவீத எஃபிஷியன்சி என்று தாராளமாகவே வைத்தாலும் 53. ஓடவே 59 வேண்டும். டிரைவ் சில நொடிகளுக்கு ஒன்றரை மடங்கு தரும் என்று பார்த்தால் 79. கிளம்ப 98 வேண்டும். எந்தப் பக்கம் பார்த்தாலும் பற்றாது.

அதே அரை எச்.பி. மோட்டார், அதே வேகம். கியரில் குறைத்தால் 190, டிரைவில் குறைத்தால் 53. கியர் வேகத்தைக் குறைத்த அளவுக்கு டார்க்கைப் பெருக்குகிறது. டிரைவ் வேகத்தைக் குறைக்கும்போது திறனையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது, 10 ஹெர்ட்ஸில் உங்கள் அரை எச்.பி. பத்தில் ஒரு எச்.பி.தான்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, என்ன செய்வது? செயினில் குறையுங்கள். 15 பல், 38 பல் ஸ்ப்ராக்கெட் போட்டால் டார்க் இரண்டரை மடங்காகும், டிரைவை 25 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிக்கொள்ளலாம். 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் டிரைவை வெறும் வி/எஃப் மோடில் (வோல்ட்டேஜும் ஃப்ரீக்வென்சியும் ஒரே விகிதத்தில் குறையும் முறை) விடாதீர்கள். அந்த இடத்தில் காயிலின் ரெசிஸ்டன்ஸே வோல்ட்டேஜில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மோட்டாரின் கரண்டைக் கவனித்து டார்க்கைக் கட்டுப்படுத்தும் வெக்டர் மோடுக்கு மாற்றி, மோட்டாரின் பெயர்ப்பலகை எண்களைச் சரியாகக் கொடுத்து, ஆட்டோ டியூனிங் (டிரைவே மோட்டாரை அளந்துகொள்வது) செய்யுங்கள். டார்க் பூஸ்டை (குறைந்த வேகத்தில் டிரைவ் கொடுக்கும் கூடுதல் வோல்ட்டேஜ்) மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ட்ராலி நகரும், மோட்டார் கொதிக்கும்.

எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது

மற்ற இடத்திலெல்லாம் வெண்ணெயாக ஓடுகிறது, குறிப்பிட்ட ஒரு இடம் வந்ததும் நிற்கிறது அல்லது சக்கரம் அரைக்கிறது. சாக்பீஸால் அந்த இடத்தைக் குறியிடுங்கள். ட்ராலியைத் தள்ளிவிட்டு, குந்தி உட்கார்ந்து தண்டவாளத்தை விரலால் தடவுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு ஜாயின்ட் இருக்கும், ஒரு துண்டு மற்றதைவிட நகத்தில் தட்டுகிற அளவுக்கு மேலே நிற்கும்.

அந்தச் சின்னப் படி எவ்வளவு கேட்கும் என்று போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 200 மி.மீ. சக்கரம் 2 மி.மீ. படியில் ஏற, அந்தச் சக்கரத்தின் மேலுள்ள எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசை வேண்டும். நான்கு சக்கரத்தில் ஒன்றுக்கு 750 கிலோ, ஐந்தில் ஒன்று 150 கிலோ. முழு ட்ராலியும் ஓட 60 தான் கேட்டது, இந்த ஒரு படி 150 கேட்கிறது! இரண்டு தண்டவாளத்திலும் ஜாயின்ட் எதிரெதிரே அமைந்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏற வேண்டும், 300. அதோடு 60. லாரி என்றால் வந்த ஓட்டத்தில் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 6 மீட்டரில் அப்படி ஓட்டம் எதுவும் கிடையாது, முழுவதும் மோட்டார்தான் இழுக்க வேண்டும்.

கிரைண்டர் எடுத்து ஜாயின்டின் இருபக்கமும் ஒரு அடி நீளத்துக்குச் சரித்துவிடுங்கள். புதிதாகப் போடுபவர்கள் ஜாயின்டுகளை எதிரெதிரே வைக்காமல் தள்ளி வைக்கவும். அங்கே ஜாயின்டே இல்லையென்றால் டேப் எடுத்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மீட்டருக்கு ஒன்றாக அளந்து பாருங்கள். குறுகிய இடத்தில் சக்கர விளிம்பு நெருக்கும், தண்டவாளத்தின் உள்பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளக்கும். வெல்டிங் பொறி உருண்டு ஒட்டியிருப்பதும் உண்டு, அதைத் தட்டினால் போய்விடும்.

ஒரு பக்கம் போகிறது, திரும்பி வர முக்குகிறது

வாட்டம். தரை பார்வைக்குச் சமமாக இருக்கும், தண்ணீர் ஓடவென்று கொத்தனார் பத்து அடிக்கு ஒரு அங்குலம் சாய்த்திருப்பார். மூன்று டன்னுக்கு அது 25 கிலோ. கீழே போக 35, மேலே வர 85. தண்ணீர் டியூப் பிடித்துப் பாருங்கள், தராசு சோதனையையும் இரண்டு திசையிலும் செய்யுங்கள். ஐம்பதுக்கு ஒன்று வாட்டம் என்றால் 60 கிலோ, ட்ராலி தானாகவே உருளத் தயாராக இருக்கிறது என்று பொருள். அங்கே வார்ம் கியர் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாமல் பிரேக் வையுங்கள். பக்கத்தில் பிரஸ் ஓடும் அதிர்வில் வார்ம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும்.

சக்கரம் சுற்றுகிறது, ட்ராலி நிற்கிறது

மோட்டாரும் கியரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. ஓடும் ஆக்ஸிலின் மேல் 1500 கிலோ இருந்தால், உலர்ந்த தண்டவாளத்தில் சுமார் 300 கிலோ வரை இழுக்கும். எண்ணெய் சிந்தியிருந்தால் 150. இதோடு மோல்டைப் பின்பக்கமாக ஏற்றிவிட்டார்கள் என்றால் முன் ஆக்ஸிலில் 700 கிலோதான் இருக்கும், எண்ணெயில் 70. கிளம்ப 100 வேண்டும். மோல்டு எங்கே உட்கார வேண்டும் என்று ட்ராலி மேல் பெயின்டில் கோடு போட்டுவிடுங்கள். தண்டவாளத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். பெரிய மோட்டார் இங்கே எதற்கும் உதவாது, இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி டிரிப் ஆகிறது

உடனே டிரிப் ஆகாமல், அதாவது ஓவர்லோடு ரிலே லைனைத் துண்டிக்காமல், நேரம் கழித்து ஆனால் அது சூட்டின் கதை. டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) வைத்து மூன்று ஃபேஸும் பாருங்கள். ஒரு சின்ன விஷயம்: அரை எச்.பி. போன்ற சின்ன மோட்டார் லோடே இல்லாமல் சும்மா சுற்றும்போதே முழுக் கரண்டில் பாதிக்கு மேல் எடுக்கும். ஆகவே மீட்டர் முக்கால் பங்கு காட்டினால் முக்கால் லோடு என்று முடிவுகட்டாதீர்கள். செயின் இல்லாமல் ஓட்டி ஒரு ரீடிங், லோடோடு ஒரு ரீடிங், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

கரண்ட் சரியாக இருந்தும் மோட்டார் கொதித்தால், டிரைவில் மெதுவாக ஓட்டுகிறீர்களா? 10 ஹெர்ட்ஸில் மோட்டார் பின்னாலுள்ள விசிறியும் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும், காற்றே வராது. தனி மின்விசிறி வையுங்கள். கரண்ட் அதிகம் என்றால் சக்கர மையங்களைத் தொட்டுப் பாருங்கள். மூன்று குளிர்ந்து ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் அங்கே போய்விட்டது. ஓவர்லோடு ரிலேயைப் பெயர்ப்பலகைக் கரண்டுக்கு மேல் திருகி வைத்துவிட்டு வேலையை முடிப்பவர்களும் உண்டு. அவர்களை ரீவைண்டிங் கடையில் அடிக்கடி பார்க்கலாம்.

கிளம்பும்போது வெட்டி இழுக்கிறது

நேரடியாக லைனில் போட்ட மோட்டார் கண்ணிமைக்கும் நேரத்தில் முழு வேகத்துக்குப் போய்விடும். 0.2 நொடியில் ட்ராலியும் அந்த வேகத்துக்கு வர வேண்டுமென்றால் அதற்கு மட்டும் 150 கிலோ விசை தேவை. டிரைவில் 2 நொடி ரேம்ப் (வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் நேரம்) வைத்தால் 15 கிலோ. செயின் தளர்ந்திருந்தால் இன்னும் கெடுதல்: மோட்டார் முதலில் சும்மா சுற்றி வேகமெடுத்து, பிறகு சுத்தியல் அடி மாதிரி லோடில் மோதும். ஷாஃப்ட் சாவி (ஷாஃப்டையும் அதிலுள்ள பல்சக்கரத்தையும் பூட்டும் இரும்புத் துண்டு) அறுவது பெரும்பாலும் இப்படித்தான். செயினை இறுக்குங்கள், சாவிக் குழி அகன்றிருக்கிறதா பாருங்கள்.

பெரிய மோட்டார் போட்டோம், கியர்பாக்ஸ் போய்விட்டது

ஒரு பவுடர் கோட்டிங் ஓவனுக்குள் செயின் இழுத்துக்கொண்டு போகும் ட்ராலி. நம் உதாரணத்து ட்ராலியின் அளவுதான். உள்ளே ஒரு சக்கரத்தின் பேரிங் சூட்டில் கிரீஸ் வற்றி இறுகியிருந்தது. ட்ராலி நிற்க ஆரம்பித்ததும் அரை எச்.பி.யைக் கழற்றி, கப்ளிங் மாற்றி, 3 எச்.பி. போட்டுவிட்டார்கள். ஒரு மாதம் ஜோராக ஓடியது. என்னைக் கூப்பிட்டபோது கியர்பாக்ஸ் எண்ணெயைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளில் விட்டேன். தங்கத் தூள் கலந்த மாதிரி மின்னியது. வார்மின் வெண்கலப் பல்சக்கரம் அரைபட்டு எண்ணெயோடு வந்துகொண்டிருந்தது.

கணக்கு இதுதான். மோட்டார் தானாக டார்க்கைத் திணிப்பதில்லை, லோடு கேட்பதைத்தான் கொடுக்கும். ஆனால் லோடு சிக்கிக்கொண்டால் தன்னால் முடிந்த அத்தனையும் கொடுக்கும். அரை எச்.பி. சிக்கினால் இரண்டு மடங்கு, 5 நியூட்டன் மீட்டர், 60 மடங்குக் கியரில் இழப்பு போக 180. 3 எச்.பி. சிக்கினால் 30 நியூட்டன் மீட்டர், அது கியருக்கு வெளியே ஆயிரத்தைத் தாண்டும். 180க்குத் தாங்கும் பல்லை வைத்துக்கொண்டு ஆயிரத்தைக் கேட்டால் எங்கே போகும்? தண்டவாளத்தில் சக்கரமே ஓட்டும் ட்ராலியில் வழுக்கல் ஒரு காவலாக இருக்கும். செயின் இழுக்கும் ட்ராலியிலும் ரேக் பல் வைத்த கேட்டிலும் அந்தக் காவல் கிடையாது. அங்கே டார்க் லிமிட்டரோ (டார்க் அளவு மீறினால் வழுக்கி விட்டுவிடும் இணைப்பு) டிரைவில் டார்க் எல்லையோ வைத்தே ஆக வேண்டும்.

நாங்கள் செய்தது: சக்கர பேரிங் நான்கையும் மாற்றி, சூடு தாங்கும் கிரீஸ் வைத்தோம். தராசில் 240 காட்டிய ட்ராலி 55க்கு வந்தது. கியர்பாக்ஸுக்குப் புதுப் பல்சக்கரம் போட்டு, பழைய அரை எச்.பி.யையே திரும்ப மாட்டினோம். அந்த 3 எச்.பி. மோட்டாரை அவர்கள் கம்ப்ரெசருக்கு எடுத்துக்கொண்டார்கள்.